பதினோரு மாதம் நின்ற தண்டர்பேர்ட்: வாங்கியதும் சரிசெய்ததும்

தண்டர்பேர்ட் 350, 2014 மாடல், 31,000 கிலோமீட்டர், ஒரே ஓனர், காக்ஸ் டவுன். ராயல் என்ஃபீல்டு பைக் ஒன்றின் விளம்பரத்தில் இவ்வளவுதான் இருந்தது. படமும் ஒன்றுதான், பாதி கவர் போர்த்தியபடி. 2024 செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தேன். வீட்டு அங்கிள் கவரை உருவியதும் முதலில் கண்ணில் பட்டது ஹெட்லைட் மேல் காய்ந்து வெடித்திருந்த சந்தனப் பொட்டும் அதன் நடுவில் வெளுத்துப்போன குங்குமமும்தான். "போன ஆயுத பூஜைக்கு வெச்சது தம்பி. அடுத்த வாரமே பையன் துபாய் போயிட்டான்" என்றார். அப்படியென்றால் பதினோரு மாதமாக வண்டி அசையவே இல்லை. பெங்களூரின் ஒரு முழு மழைக்காலம் அந்த ஷெட்டுக்குள்ளேயே கழிந்திருக்கிறது.

ஆறு மாதமாக நான் வண்டி தேடிக்கொண்டிருந்தபோது பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பதைத்தான். மர்ஃபி டவுனில் எனக்குப் பத்து வருடமாகப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் மட்டும் வேறு கேள்வி கேட்டார். "மீட்டரை விடு தம்பி, எத்தனை நாள் நின்னுச்சுன்னு கேளு. நின்ன நாளுக்குத்தான் நீ காசு கட்டப் போற." அந்த ஒரு வரியை வைத்துத்தான் இந்த வண்டிக்கு விலை பேசினேன், அதன்படிதான் செலவும் வந்தது. பழைய க்ரூஸர், அதாவது நிமிர்ந்து உட்கார்ந்து நெடுந்தூரம் ஓட்டுகிற பைக், வாங்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று முழுதாக எழுதுகிறேன்.

எதற்காக க்ரூஸர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் செங்கம். அல்சூரில் இருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வழியாக 170 கிலோமீட்டர் சொச்சம். மாதம் ஒருமுறையாவது போவோம், மனைவி பின்னால், இரண்டு பை. இருந்த 125 சிசி வண்டியில் கிருஷ்ணகிரி தாண்டும்போதே அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், எனக்கு மணிக்கட்டு மரத்துப்போகும், லாரியை முந்தும்போது இன்ஜின் கதறும். தண்டர்பேர்டில் 20 லிட்டர் டேங்க், உயர்ந்த ஹேண்டில்பார், தனியான பின்சீட், அதற்குச் சாய்மானம். 346 சிசி இன்ஜின் தருவது 19.8 குதிரைத்திறன்தான், ஆனால் 28 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவிசை, நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே கிடைத்துவிடுவதால் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் போகும். அந்த எண்பதுதான் எனக்கு வேண்டும். இந்த மாடலை 2020-இல் நிறுத்திவிட்டு அதன் இடத்தில் மீட்டியோர் 350-ஐக் கொண்டுவந்தார்கள். புது மீட்டியோர் வாங்கக் கர்நாடக ரோட் டாக்ஸும் சேர்த்துப் பார்த்தால் என் கை எட்டவில்லை. தண்டர்பேர்ட் 500-ஐயும் யோசித்தேன், அது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், பெட்ரோலை மின்னணு முறையில் தெளிப்பது, நானே கழற்றிப் பார்க்கிற வேலை குறைவு. தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸிலும் வித்தியாசம் உண்டு. அப்போது 150-க்கு மேல் 350 சிசி வரை வருடத்துக்கு 1,366 ரூபாய், அதைத் தாண்டினால் 2,804, ஜிஎஸ்டி தனி.

இதற்கு முன் பார்த்த வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம். ஒரு கடையில் நான் வருவதாக போன் செய்துவிட்டுப் போனேன், போய் இன்ஜினைத் தொட்டால் சூடு. குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் பழைய வண்டியில் பார்க்க வேண்டிய முதல் விஷயம், அதை மறைத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் மேற்கொண்டு எதையும் பார்க்காமல் வந்துவிட்டேன். இன்னொன்றில் மீட்டர் 18,000 காட்டியது, ஆனால் கால் வைக்கிற ரப்பரில் வரிகளே இல்லை, பிரேக் பெடல் ஓரம் தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னியது. மீட்டரை மாற்றலாம், பெடலை யாரும் மாற்றுவதில்லை. மூன்றாவது ஓசூர் வண்டி, டிஎன் 70, விலை நன்றாகவே குறைவு, வண்டியும் சுத்தம். ஆனால் தமிழ்நாட்டு ஆர்டிஓவில் படிவம் 28 போட்டு என்ஓசி எனும் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, கர்நாடகாவுக்கு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். கட்டுகிற வரியையும் அலைச்சலையும் கூட்டினால் விலைக்குறைவு அப்படியே கரைந்துவிடும். பெங்களூரில் இருந்துகொண்டு தமிழ்நாட்டு நம்பர் தேடுகிற நம்மவர்கள் நிறையப் பேர் இதை வாங்கிய பிறகுதான் கணக்குப் போடுகிறார்கள்.

காக்ஸ் டவுன் வண்டிக்கு வருகிறேன். இரண்டாவது தடவை மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கையில் டார்ச், ஒரு ஸ்பேனர், சார்ஜ் ஏற்றிய 14 ஆம்பியர் பேட்டரி ஒன்று. வண்டியில் இருந்த பேட்டரி செத்துக் கிடந்தது, அங்கிள் ஆர்வத்தில் செல்ஃப் பட்டனை அழுத்தப் போனார், அண்ணன் பதறிப்போய்த் தடுத்தார். "வேணாம் அங்கிள், பவர் இல்லாத பேட்டரியில செல்ஃப் அடிச்சா ஸ்ப்ராக் கிளட்ச் போயிடும்." மோட்டார் சுற்றுவதை இன்ஜினுக்குக் கடத்துகிற ஒருவழிக் கிளட்ச் அது. பாதி வேகத்தில் சுற்றி இன்ஜின் திருப்பி உதைத்தால் உள்ளே இருக்கிற உருளைகள் வழுக்க ஆரம்பிக்கும், அப்புறம் பட்டனை அழுத்தினால் கிர்ர்ர் என்று மோட்டார் மட்டும் சும்மா சுற்றும். மாற்ற இன்ஜினின் பக்கவாட்டு மூடியைத் திறக்க வேண்டும், செலவும் பெரிது. நல்ல பேட்டரியை மாட்டிய பிறகு செல்ஃப் சுத்தமாகக் கடித்தது. அங்கேயே எனக்குப் பாதி நிம்மதி.

குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற சோக்கைப் போட்டு ஆறாவது முயற்சியில் ஸ்டார்ட் ஆனது. மேலே இருந்து டிக் டிக் டிக் என்று டேப்பட், அதாவது வால்வைத் தள்ளுகிற பாகத்தின், சத்தம். அங்கிள் முகம் வாடிவிட்டது, "இன்ஜின் போயிடுச்சா தம்பி?" என்று என்னிடம் கேட்டார். அண்ணன் பேசாமல் இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டுக் காதை மட்டும் கொடுத்துக்கொண்டு நின்றார். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கிற இந்த யூசிஇ இன்ஜினில் டேப்பட் ஹைட்ராலிக், கையால் இடைவெளி வைக்கிற வேலையே கிடையாது, உள்ளே ஆயில் நிரம்பித்தான் இடைவெளியை மூடும். மாதக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் வடிந்துவிடும், ஸ்டார்ட் செய்ததும் திரும்ப நிரம்புகிற வரை சத்தம் வரும். நிரம்பிய பிறகும் சத்தம் இருந்தால்தான் தேய்மானம். சரியாக நாலு நிமிடத்தில் சத்தம் அடங்கியது. வெள்ளைப் புகை இல்லை, நீலப் புகையும் இல்லை. ஆனால் சோக்கை எடுத்தால் உடனே நின்றது, மறுபடி போட்டால் ஓடியது. இதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரில் பைலட் ஜெட், அதாவது குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் விடுகிற சின்னத் துளை, அடைத்திருக்கிறது.

அதன் பிறகு மீதியைப் பார்த்தோம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை இரண்டே விரலால் இடமிருந்து வலம் மெதுவாகத் தள்ளினால், நேர்கோட்டுக்கு வரும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் விழுகிற மாதிரி டக் என்று உட்கார்ந்தது. ஹேண்டில் திரும்புகிற பேரிங்கான கோன் செட் போய்விட்டது. நேராகவே ஓட்டிக் குழியில் விழுந்து விழுந்து குண்டுகள் அந்த ஒரே இடத்தில் தடம் பதித்திருக்கின்றன. வேகத்தில் போகும்போது வண்டி நேராகவும் நிற்காது, லேசாகத் திரும்பவும் மறுக்கும். டூரிங்குக்கு வாங்குகிறவர்கள் இந்த இரண்டு விரல் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும், சிட்டிக்குள் ஓட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டினேன், வலது பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு, ஆயில் சீல் கசிகிறது. ஆரக்கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார், எல்லாம் டிங் டிங், பின் சக்கரத்தில் இரண்டு மட்டும் டொக், தளர்ந்தவை. டயரில் நாலு இலக்கம் பார்த்தோம், முன்னால் 2217, பின்னால் 0918. 2017-இன் 22-வது வாரம், 2018-இன் ஒன்பதாவது வாரம். டயரின் பட்டன் வரிகள் எல்லாம் ஆழமாகத்தான் இருந்தன, ஆனால் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்பு. ஆழம் இருக்கிறதே என்று இந்த வயது டயரில் மனைவியை உட்காரவைத்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்ததும் பெட்ரோல் வாசனையே இல்லை, பெயிண்ட் கடை வாசனை. அடியில் செம்மண் நிறத்தில் துரு. பாதி டேங்க் பெட்ரோலோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறார் பையன். இப்போது பம்பில் போடுவது எத்தனால் கலந்த பெட்ரோல், 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20-ஐ அறிமுகம் செய்ததே இந்தப் பெங்களூரில்தான். எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஓடுகிற வண்டியில் அதற்குள் எரிந்துவிடும், நிற்கிற வண்டியில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். காலியாக இருந்த மேல் பாதித் தகடும் வியர்த்து வியர்த்துத் துருப்பிடித்திருந்தது. நிறுத்திவைப்பதானால் டேங்கை முழுக்க நிரப்பிவிட்டு, கார்புரேட்டரை வடித்துவிட்டுப் போக வேண்டும்.

95,000 கேட்டார். நான் குறை சொல்லிப் பேரம் பேசவில்லை. பார்த்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அண்ணன் சொன்ன தொகையைப் போட்டு அங்கிளிடமே கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டுப் பொறுமையாகப் படித்தார், பையனிடம் போனில் பேசினார், 76,000-க்கு முடிந்தது. ஆர்சி எனும் பதிவுச் சான்று 2029 வரைதான் செல்லும், அதற்குப் பிறகு எஃப்சி எனும் தகுதிச் சான்று காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளில் எழுதியிருந்தேன், பத்து வருட வண்டி வாங்கும்போது அதுவும் விலையில் சேர்த்தி.

பேப்பர் விஷயத்தில்தான் மூன்று மாதம் போனது. பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் ஓனர் பெயர், இன்ஷூரன்ஸ் முடிந்த தேதி, எல்லாம் வந்தது, கூடவே வங்கிக் கடன் இருப்பதாகவும் காட்டியது. கடனை 2017-லேயே அடைத்துவிட்டார்களாம். ஆனால் வங்கி கொடுத்த என்ஓசியை ஆர்டிஓவில் கொடுத்து, படிவம் 35 போட்டு ஆர்சியில் இருந்து அந்தப் பெயரை நீக்காமலே விட்டுவிட்டார்கள், கடிதமும் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. கடனே இல்லாத வண்டிதான், ஆனாலும் அந்தப் பெயர் இருக்கிற வரை மாற்ற முடியாது. வங்கியில் மறு பிரதி வாங்க அங்கிள் நாலு தடவை நடந்தார், ஒவ்வொரு தடவையும் வேறு கவுண்டருக்கு அனுப்பினார்கள். எழுபது வயதை நெருங்குகிறவர் வெயிலில் நின்றது எனக்கு இன்றைக்கும் வருத்தம். மூன்றாவது தடவையில் இருந்து நானும் கூடப் போனேன்.

இன்னொரு சிக்கல், ஓனர் பையன். படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்சியில் பெயர் உள்ளவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், அப்பா போட்டால் செல்லாது. பொங்கலுக்கு லீவில் வருகிறேன் என்றார். சரி, பத்தாயிரம் முன்பணம், வெள்ளைத்தாளில் இருவர் கையெழுத்து, மீதிப் பணம் அவர் கையெழுத்துப் போடுகிற அன்று. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். வேறு ஒருவர் பெயரில் இருக்கிற வண்டியில் ஒரு விபத்து நடந்தால் அந்தப் பையன் பதில் சொல்ல வேண்டியிருக்கும், எனக்கும் பாதுகாப்பில்லை. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் காத்திருந்த நேரம் வீணாகவில்லை. "ஷெட்டுலயே வேலை பண்ணிக்கோயேன் தம்பி, எனக்கும் பொழுது போகும்" என்றார் அங்கிள். அக்டோபர், நவம்பரில் ஆறு ஞாயிற்றுக்கிழமை அங்கேதான். ஒன்பது மணிக்குப் போனால் ஆன்ட்டி கையில் டிகாக்‌ஷன் காபி தயாராக இருக்கும்.

முதல் வேலை டேங்க். சீட்டைக் கழற்றி, டேங்க் போல்ட்டை எடுத்து, பெட்ரோல் குழாயையும் ஃப்யூயல் சென்சார் ஒயரையும் விடுவித்துத் தூக்கினேன். பழைய பெட்ரோலை கேனில் பிடித்தால் டீ நிறம். சென்சாரை வெளியே எடுத்துவிட வேண்டும், உள்ளே இருந்தால் அமிலத்தில் கெட்டுப்போகும். அந்த ஓட்டையையும் பெட்ரோல் டேப் ஓட்டையையும் ரப்பர் வைத்து அடைத்தேன், டேங்கின் வெளிப் பெயிண்டில் சொட்டாமல் இருக்கப் பழைய லுங்கியைச் சுற்றினேன். மளிகைக்கடை வெள்ளை வினிகர் இரண்டு கேன், பத்து லிட்டர், கூடவே நாற்பது சின்ன ஸ்டீல் நட்டுகள். எண்ணித்தான் போட்டேன், எண்ணித்தான் எடுத்தேன், ஒன்று உள்ளே தங்கினாலும் ஆபத்து. பாதிதான் நிரம்பும் என்பதால் ஒரு நாள் ஒரு பக்கம், மறுநாள் மறுபக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அங்கிள் தினம் மூன்று வேளை குலுக்கியிருக்கிறார், மருந்து வேளை மாதிரி. அடுத்த ஞாயிறு வடித்தபோது காபித் தூள் கரைத்த மாதிரி வந்தது, உள்ளே டார்ச் அடித்தால் சாம்பல் நிறத் தகடு. தண்ணீர், அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீர், மறுபடி தண்ணீர், கடைசியில் ஆன்ட்டியின் முடி உலர்த்தும் மெஷினை வைத்து ஒரு மணி நேரம். உலர்ந்த உடனே கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி எல்லாப் பக்கமும் சுழற்ற வேண்டும், சும்மா விட்டால் சாயங்காலத்துக்குள் மறுபடி செம்பழுப்பு பூத்துவிடும்.

அடுத்தது கார்புரேட்டர். கீழ்க் கிண்ணத்தின் நாலு ஸ்க்ரூவும் இறுகிப்போயிருந்தன, பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும், அதனால் துரு நீக்கி ஸ்ப்ரே அடித்து ஒரு வேளை ஊறவிட்டேன். திறந்தால் கிண்ணத்தின் அடியில் பச்சை கலந்த பிசின், நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வந்தது. பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. நல்ல ஜெட்டில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். கிளீனரில் ஊறவைத்து, மின்சார ஒயருக்குள் இருக்கிற செம்புக் கம்பியில் ஒற்றை இழையை உருவி அதை மட்டும் நுழைத்தேன். ஸ்டீல் கம்பி, குண்டூசி வேண்டவே வேண்டாம், பித்தளை ஜெட்டின் ஓட்டை பெரிதாகிவிட்டால் அதோடு அளவு போச்சு. ஊதிவிட்டு மறுபடி பிடித்தபோது அந்தப் புள்ளி தெரிந்தது. அங்கிளையும் பார்க்கச் சொன்னேன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார், "இத்துனூண்டு ஓட்டைக்கா அவ்வளவு பெரிய வண்டி நின்னுச்சு?" என்றார். மேலே இருக்கிற ரப்பர் டயஃப்ரமையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஓட்டை இல்லை, அதிர்ஷ்டம். பெட்ரோல் குழாய் மட்டும் மடக்கினால் வெடிப்பு விட்டது, ஓ ரிங் எல்லாம் தட்டையாகிவிட்டது, ஜே.சி. ரோட்டில் புதிது வாங்கி மாற்றினேன். டேங்க், கார்புரேட்டர் இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு 1,700.

டிசம்பரில் வண்டி சோக் இல்லாமலே நிற்காமல் ஓடியது. அங்கிள் பையன் பெயரிலேயே இன்ஷூரன்ஸ் புதுப்பித்தார். 90 நாளுக்கு மேல் விட்டுப்போனதால் இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கிற நோ க்ளைம் போனஸ் தள்ளுபடி எல்லாம் போய்விட்டது. அது எப்படியும் விற்பவருக்கு உரியது, வண்டியோடு எனக்கு வந்திருக்காது. எமிஷன் டெஸ்ட்டும் எடுத்த பிறகுதான் முதன்முதலாக ரோட்டில் ஏறினேன், ஃப்ரேசர் டவுன் வரை போய்த் திரும்பினேன். ஐந்து கியரும் சுத்தமாக விழுந்தது, கிளட்ச் வழுக்கவில்லை. பழைய டயர், போன கோன் செட் என்பதால் நாற்பதைத் தாண்டவில்லை. பாக்கி இருந்த இரண்டு டிராஃபிக் ஃபைனையும் அவர்களே கட்டினார்கள், நம்பர் பிளேட்டும் ஹெச்எஸ்ஆர்பி எனும் உயர்பாதுகாப்புப் பிளேட்டாகப் போட்டுக்கொடுத்தார்கள்.

பொங்கலுக்குப் பையன் வந்தார். சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்தோம், ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்பார்த்தேன், இன்ஜின் நம்பரும் அப்படியே. படிவங்களில் கையெழுத்து, அதே மேஜையில் மீதி 66,000. மாற்றம் முடிந்து என் பெயர் வந்ததும் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸிலும் பெயர் மாற்றிக்கொண்டேன்.

மீதி வேலை மர்ஃபி டவுனில், மூன்று நாள். டயர் இரண்டு, ட்யூபோடு 6,900. பேட்டரி 3,100. செயின் ஸ்ப்ராக்கெட்டில் பற்கள் அலை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, செட்டாக 3,200. செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும். ஃபோர்க் சீல், 15டபிள்யூ50 இன்ஜின் ஆயில், ஃபில்டர், இரண்டு ஸ்பார்க் பிளக், கேபிள்கள், பிரேக் பேட், காபி நிறத்தில் இருந்த பிரேக் ஃப்ளூயிட் எல்லாம் மாற்றினோம். கோன் செட்டின் பழைய கிண்ணத்தை அண்ணன் தட்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விளிம்பைச் சுற்றிப் பயறு அளவில் வரிசையாகக் குழிகள், நகம் வைத்தால் ஒவ்வொன்றிலும் மாட்டியது. புதியதைப் போட்டு இறுக்கம் வைக்கும்போது நிதானம் வேண்டும், கூடினால் ஹேண்டில் கனக்கும், குறைந்தால் பிரேக் பிடிக்கும்போது டொக் என்று ஆடும். அண்ணன் மூன்று தடவை இறுக்கித் தளர்த்தி, கையை எடுத்ததும் ஹேண்டில் தன் கனத்திலேயே ஒரு பக்கம் மெதுவாகச் சாய்கிற அளவில் நிறுத்தினார். கூலியும் சேர்த்து மொத்தம் 24,550. வண்டி விலையோடு ஒரு லட்சத்து ஐந்நூற்றைம்பது. முதல் நாள் தாளில் எழுதியது 22,000, கேபிளும் பிரேக் பேடும்தான் கணக்கில் விட்டுப்போனவை.

பிப்ரவரி கடைசியில் செங்கம் போனோம், விடியற்காலை ஐந்தரைக்கு. அத்திபெலே தாண்டுகிற வரை பயந்து பயந்துதான் ஓட்டினேன். சூளகிரி இறக்கத்தில் எண்பது வைத்து ஹேண்டிலில் கையைத் தளர்த்திப் பார்த்தேன், வண்டி கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. ஊத்தங்கரையில் டீக்கு நிறுத்தினோம், மனைவி இறங்கி இடுப்பைப் பிடிக்காமல் நேராக நடந்து கடைக்குள் போனாள், அதற்காகத்தானே இத்தனையும். நான் குனிந்து ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டினேன், காய்ந்திருந்தது. பின் சக்கர ஆரக்கம்பி ஒன்றில் மட்டும் சத்தம் கொஞ்சம் மந்தம், ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் இறுக்கினேன். போகவர லிட்டருக்கு 34 கிலோமீட்டர் கிடைத்தது.

திரும்பி வந்த அன்று இரவு அங்கிள் போன் செய்தார். "அந்த டிக் டிக் சத்தம் இன்னும் வருதா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். காலையில் முதல் அரை நிமிடம் மட்டும், அப்புறம் இல்லை என்றேன். வண்டியை ஒருநாள் கொண்டுவந்து காட்டு என்றார். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஸ்விங் ஆர்மின் புஷ் லேசாக ஆடுகிறது, அதை மாற்றிவிட்டு அடுத்த ஞாயிறு காக்ஸ் டவுன் போகிறேன்.